தாதியர் சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்காமல் ஜைரோவுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் தாதி. இதுவரை மருத்துவமனையே சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பியது, இனி ஜைரோ முறையில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் நேராக எடுப்பார்களாம், கையெழுத்துப் போடலாமா என்கிறார். போடுங்கள். ஆனால் எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வார்டு வேலையோடு சங்கக் கிளை வேலையும் பார்ப்பவள் நான். சம்பளத்தில் பிடிப்பது சுகம்தான், கைக்கே வராத காசு வலிக்காது. வேலை மாறும்போதுதான் வினை. பழைய இடத்தில் பிடித்தம் நின்றுவிடும், புது இடத்தில் நீங்களாகப் படிவம் கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மேலாளரோடு ஏதோ தகராறு என்று சங்கத்துக்கு ஓடிவரும் அன்றைக்குத்தான் உறுப்பியம் எப்போதோ காலாவதியானது தெரியும். ஜைரோ வேலையிடத்தைப் பார்ப்பதில்லை.

முதலாளி வழியாக வரும் சந்தாவுக்கு வேறொரு பலவீனமும் உண்டு. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டம், சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்றது. பல சங்கங்கள் உறுப்பினர்களை வங்கிக் கணக்குக்கு மாற்ற அலைந்தன. இங்கே அப்படி நெருக்கடி இல்லை, இருந்தாலும் வழி நம் கையில் இருப்பது நல்லது.

இப்போது தேதி. சம்பளத்தில் பிடித்தால் சந்தா போக மிச்சம்தான் ஊருக்கு. ஜைரோவில் இது தலைகீழ். சம்பளம் ஏறிய அன்றே தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) ஊருக்குப் பணம் அனுப்பி, அறை வாடகையும் கொடுத்த பிறகு மாதக் கடைசியில் கணக்கில் என்ன மிஞ்சும்? சில வெள்ளி (டாலர்) குறைந்ததற்காகச் சந்தா எடுக்க முடியாமல் ஜைரோ திரும்பிவிடும். சம்பளம் ஏறி இரண்டு மூன்று நாளுக்குள் எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், திரும்பிய சந்தாவை மறுபடி எப்போது எடுப்பார்கள், எத்தனை மாதம் பொறுப்பார்கள் என்று கிளைப் பிரதிநிதியைக் கேளுங்கள். மழுப்பினால் விடாதீர்கள்.

தாள் படிவமென்றால் கையெழுத்து, கணக்குத் திறந்தபோது போட்டது மாதிரியே இருக்க வேண்டும். நாள் முழுக்கச் சார்ட்டில் கிறுக்கும் நமக்கு இது சோதனைதான். 2021இல் வந்த இ-ஜைரோவை, அதாவது இணையத்திலேயே ஒப்புதல் கொடுக்கும் முறையை, சங்கம் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பிடித்தம் தானாக நின்றுவிடும் என்று இருக்காதீர்கள். எழுதிக் கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், வேலை நியமனச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. முதல் ஜைரோ போனதைப் பார்த்த பிறகு சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். அதில் ‘சங்கச் சந்தா’ என்று தெளிவாகப் போடுங்கள், பேஸ்லிப்பில் பக்கத்திலேயே இருக்கும் சிண்டா (இந்தியர் சுயஉதவி அமைப்பு) பிடித்தம் வேறு கணக்கு. ஒரு மாதம் இரண்டு பக்கமும் போயிருந்தால், பேஸ்லிப்பையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சங்கத்துக்கு அனுப்பித் திருப்பிக் கேளுங்கள். மருத்துவமனையிடம் கேட்டுப் பயனில்லை, காசு அவர்களைத் தாண்டிப் போயிருக்கும்.