டிஸ்பேஸா, இபிரிண்ட்ஸா, ஒமேகாவா?

தாம்பரம், கல்லூரி நூலகர்: ஆய்வேடுகளையும் பேராசிரியர்களின் கட்டுரைகளையும் இணையத்தில் வைக்கப் போகிறோம். இதற்கு டிஸ்பேஸ், இபிரிண்ட்ஸ் என்று இரண்டு மென்பொருள்கள் சொல்கிறார்கள், எது சார்?

இரண்டும் இலவசம்தான், திறமூலம்தான். நம்மிடம் டிஸ்பேஸ் தெரிந்தவர்கள் அதிகம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளம் ஓடுவதே அதில். சிக்கல் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும் என்பதால் டிஸ்பேஸ் என்பேன். ஆனால் 2021-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து முகப்பு ஆங்குலர் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பில் தனியாக ஓடுகிறது. பின்னால் ஜாவா நிரல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி. மூலையில் கிடக்கும் பழைய கணினி தாங்காது. சர்வருக்குப் பணம் கேட்கும்போதே பராமரிக்க ஒரு ஆளையும் கேட்டு வாங்குங்கள்.

மயிலாப்பூர், சபா செயலாளர்: பழைய கச்சேரிப் படங்களும் அழைப்பிதழ்களும் இருக்கின்றன. எங்களுக்கும் டிஸ்பேஸ்தானா?

வேண்டாம் சார், ஒமேகா என்ற மென்பொருள் போதும். பி.எச்.பி. நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். படங்களுக்கு விவரம் எழுதிக் கண்காட்சியாகவும் அடுக்கலாம்.

அடையாறு, ஆய்வு மாணவி: டிஸ்பேஸில் பிடிஎஃப்களை ஏற்றினோம். தமிழில் தேடினால் எதுவும் வரவில்லை. இபிரிண்ட்ஸுக்கு மாறலாமா?

அவசரப்படாதீர்கள்மா. பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் தேடலில் வராது. மூலக் கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். வெறும் ஸ்கேன் என்றால், படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட் மென்பொருள் தமிழைப் படிக்கும். பழைய அச்சு என்றால் உட்கார்ந்து பிழை திருத்தத்தான் வேண்டும். அதற்கு நேரமில்லையா? தலைப்பு, ஆசிரியர், பொருள் மூன்றையாவது யூனிகோடில் சரியாக அடியுங்கள். அப்புறம் பெயர்கள்: ஓரிடத்தில் ‘இராமசாமி’, இன்னோரிடத்தில் ‘ராமசாமி’ என்று எழுதினால் பட்டியலில் ஒருவரே இரண்டு பேராகிவிடுவார். ஏற்றும் முன்பே எழுத்துமுறையை முடிவு செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். மென்பொருளை ஒப்பிடச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே தொகுப்பு உருப்படும்.

அண்ணா நகர், பள்ளி ஆசிரியர்: கிரீன்ஸ்டோன் என்ற மின்நூலக மென்பொருள் இன்னும் பயன்படுமா?

இணையம் இல்லாத இடத்துக்குத் தொகுப்பைக் கொண்டுபோக, நன்றாகவே.

கிண்டி, கணினிப் பிரிவு ஊழியர்: பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டி வந்தால்?

தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை டப்ளின் கோர் என்ற பொது வடிவத்தில் ஒழுங்காக வைத்திருந்தால், விவரங்களைத் திரட்டும் ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். நெறிமுறை வழியாக எடுத்துவிடலாம். அதில் விவரம் மட்டும்தான் வரும்; கோப்புகளைத் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். இன்னொன்று: டிஸ்பேஸ் நிறுவியதும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் நிலையான முகவரியான ஹேண்டிலில் 123456789 என்ற முன்னொட்டு தானாக நிற்கும். அப்படியே விட்டால் அந்த முகவரி உங்களுக்கென்று எங்கும் பதிவாகாது. பொதுவில் திறக்கும் முன்பே சொந்த முன்னொட்டு வாங்கிவிடுங்கள்.