நடிகர் டி.ஆர்.மகாலிங்கத்துக்கும் காரைக்குடிக்கும் என்ன தொடர்பு? உச்சத்தில் இருந்தவர் ஏன் சரிந்தார்?

அவர் செட்டிநாட்டுக்காரர் இல்லை. மதுரைப் பக்கம், சோழவந்தானை ஒட்டிய தென்கரை. இனிஷியலில் முதலில் நிற்கும் 'டி' அந்த ஊர்தான். ஆனால் அவரை இரண்டு தடவை தூக்கி நிறுத்தியவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள்.

முதலாமவர் காரைக்குடி ஏவி.மெய்யப்பச் செட்டியார், ஏவிஎம் ஸ்டூடியோவின் நிறுவனர். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் மகாலிங்கத்தைக் கிருஷ்ணனாக்கினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக்கினார். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகிய, நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவின் பாணிக் குரல் அது. கிட்டப்பா மறைந்த பிறகு அந்த இடத்துக்கு ஜனங்கள் ஏற்றுக்கொண்ட குரல் இவருடையதுதான்.

இந்த இரண்டு படங்களிலும் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 'நந்தகுமா'ரில் நடிகை டி.பி.ராஜலட்சுமிக்கு லலிதா வெங்கட்ராமன் பாடினார். 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டை எடுத்துவிட்டு பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். பின்னணிப் பாட்டு என்ற உத்தி, மகாலிங்கம் நடித்த படங்களிலேயே அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் ஆரம்பித்துவிட்டது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆகிவிட்டால், பாடத் தெரிந்த நடிகனைத் தேடவேண்டிய அவசியம் ஏது?

பிலிம் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. போர்க்காலத்தில் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக, இரண்டு மணி நேரத்துச் சொச்சம். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 270 அடி. பழைய கணக்கில் இருபது பாட்டு வைத்தால் 5,400 அடி, பாதிப் படம் அதிலேயே போய்விடும்.

காரைக்குடிக்கு வருவோம். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் சென்னையில் மின்சாரம் கிடைக்கவில்லை. செட்டியார் ஸ்டூடியோவைக் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே உருவானதுதான் 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்', கதாநாயகன் மகாலிங்கம். (இருபது வயதைத் தாண்டியதும் தாண்டாததுமாக வி.கே.ராமசாமி கிழவராக அறிமுகமானதும் இதில்தான். பிறகு கடைசிவரை அவரைப் பெரியவராகவே பார்த்தோம்!) அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தேவகோட்டை டவுனுக்குப் போய் ஏமாறுவார்கள். ரஸ்தா என்பது ரயில்வே ஸ்டேஷன் பக்கம். காரைக்குடியிலிருந்து மானாமதுரை போகும் ரயிலில் அடுத்த நிறுத்தம். 1948இல் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது.

சரிவு 1950க்குப் பிறகு. மகன் பெயரில் சுகுமார் புரொடக்ஷன்ஸ் ஆரம்பித்தார். 1951இல் 'மோகனசுந்தரம்', 1952இல் தானே இயக்கிய 'சின்னதுரை'. அதே 1952இல், அவரை வளர்த்த ஏவிஎம் ஸ்டூடியோவிலிருந்து 'பராசக்தி' வந்தது. ஜனங்கள் வசனத்துக்குக் கை தட்ட ஆரம்பித்த நேரத்தில் பாட்டை நம்பிச் சொந்தப் பணத்தைப் போட்டார், கையைக் கடித்தது. குரல் கெட்டுப்போனதால் விழுந்தார் என்று சிலர் எழுதுவது தவறு. 1958இல் பாடியதைக் கேட்டாலே தெரியும்.

அந்த 1958இல்தான் அவரைத் தூக்கி நிறுத்திய இரண்டாவது கை வந்தது. செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டிக்காரரான கவிஞர் கண்ணதாசன், தாம் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் இவரைக் கதாநாயகனாக்கினார். 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' பாட்டைத் தாளம் விழுவதற்கு முன்னால் வரும் விருத்தத்திலிருந்து கேளுங்கள். மைக் இல்லாத மேடையில் ஓங்கிய அதே குரல்தான். 'நானன்றி யார் வருவார்' ஆபோகி ராகம், அதில் பாடகி ஏ.பி.கோமளாவோடு எவ்வளவு அடக்கிப் பாடுகிறார் என்று பாருங்கள்.

அடுத்து 1965, ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. பாணபத்திரர் கதையில் பாலையா வாயசைக்க பாலமுரளி கிருஷ்ணா பாடுகிறார். சிவாஜி வாயசைக்க டி.எம்.எஸ். பாடுகிறார். 'இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை' என்று கோயிலில் நின்று உருகும் பாணபத்திரராக வரும் மகாலிங்கம் மட்டும்தான் அந்தக் கதையில் சொந்தக் குரலில் பாடுகிறார். அந்த வரியை எழுதியதும் கண்ணதாசன்தான்.