ஒரே ஐபி கேட்டு மோதும் விஎம்கள்: கோளாறு டிஎச்சிபியில் இல்லை

கேள்வி: பேக்கர் (இமேஜ் தயாரிக்கும் கருவி) மூலம் தினமும் இரவில் உபுண்டு சர்வர் இமேஜ், அதாவது நிறுவி முடித்த வட்டின் அச்சு நகல், தயாரித்து, கேவிஎம் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடும் 12 ஹோஸ்ட்களுக்கு அனுப்புகிறோம். மேக் முகவரிகள் (நெட்வொர்க் அட்டைகளின் எண்கள்) வெவ்வேறாக இருந்தும் புதிய விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) சில ஒரே ஐபியைப் பெறுகின்றன. ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சர்வரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. உபுண்டு சர்வரில் ஐபி கேட்கப் போவது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (கணினியைத் தொடக்கிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் நெட்வொர்க் பகுதி). அது தன் அடையாளமாக மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து பிறக்கும் அடையாளத்தைச் சொல்கிறது. இமேஜ் தயாரானபோதே அந்தக் கோப்பில் எண் ஏறிவிட்டது. அந்த இமேஜின் நகல்கள் எல்லாம் டிஎச்சிபி சர்வருக்கு ஒரே கணினிதான்.

பேக்கரின் கடைசிப் படியில் அந்தக் கோப்பை வெறுமையாக்குங்கள். நீக்கிவிடாதீர்கள்: தொடக்கத்தில் ரூட் கோப்பமைப்பு (முதன்மை வட்டுப் பகுதி) படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருந்தால், கோப்பே இல்லாதபோது புதிய எண்ணை வைக்க இடமிருக்காது. டிபஸ் (நிரல்கள் தமக்குள் பேச உதவும் சேவை) அடைவிலும் ஒரு மெஷின்-ஐடி உண்டு. அது முதல் கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருக்க வேண்டும். தனி நகலாகக் கிடந்தால் சிஸ்டம்டி அதிலிருந்தே பழைய எண்ணை எடுத்துக்கொள்ளும், துடைத்தும் பயனில்லை. துடைத்த இமேஜை "ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று பூட் செய்யாதீர்கள், எண் மறுபடி ஏறிவிடும்.

தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகளும் (சர்வர் தன்னை நிரூபிக்கும் சாவிகள்) இதே கதைதான். அவை இமேஜிலேயே இருந்தால், அது கையில் கிடைக்கும் எவரும் உங்கள் எந்த விஎம்மாகவும் நடிக்கலாம். நீக்கிவிடுங்கள், கிளவுட்-இனிட் (புதிய விஎம்மை முதல் பூட்டில் அமைத்துத் தரும் நிரல்) அப்போது புதியவற்றை உருவாக்கும். ஆனால் கிளவுட்-இனிட் இல்லாத இமேஜ் என்றால் நிலைமை வேறு. சாவி இல்லாமல் எஸ்எஸ்எச் சேவை எழாது, விஎம்முக்குள் நுழைய கன்சோல் தவிர வழியிருக்காது. அதற்கு, எஸ்எஸ்எச்சுக்கு முன்பே ஓடி, எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை பெரிய ஏ விருப்பத்தோடு இயக்கும் சிறு சிஸ்டம்டி சேவை ஒன்றை இமேஜிலேயே வையுங்கள். இல்லாத சாவிகளை மட்டுமே அது உருவாக்கும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடினாலும் கெடுதல் இல்லை. "முன்பு" என்ற வரிசையை மறந்தால் சேவை இருந்தும் இல்லாததுபோல்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் அடிப்படை இமேஜ் எங்கிருந்து வருகிறது என்பது. "எல்லாம் செட் செய்து தயார்" என்று யாரோ தரும் இமேஜை எடுக்கவே எடுக்காதீர்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரின் அங்கீகரித்த சாவிப் பட்டியலில் அவர்களுடைய சாவி ஒரு வரியாக உட்கார்ந்திருந்தால் போதும், 12 ஹோஸ்ட்களிலும் கதவு திறந்தே கிடக்கும். பக்கத்திலேயே போட்டிருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) நம்பியும் பயனில்லை: இமேஜை மாற்றுகிறவர் அந்த எண்ணையும் மாற்றுவார். உபுண்டுவின் அதிகாரபூர்வ கிளவுட் இமேஜ்களோடு அந்த எண் பட்டியலுக்கு ஜிபிஜி கையொப்பமும் (உபுண்டுவின் ரகசியச் சாவி இல்லாமல் போட முடியாத டிஜிட்டல் முத்திரை) வருகிறது. அதைச் சரிபார்க்கும் படியை பேக்கர் தொடங்கும் முன் வையுங்கள், தவறினால் பில்ட் நிற்கட்டும். பல அலுவலகங்களில் இமேஜுக்கு ஒப்புதல் வாங்கவே வாரங்கள் ஓடுகின்றன, கையொப்பத்தைச் சரிபார்த்தீர்களா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அனுப்பும்போது கியூகவ்2 என்ற வட்டு இமேஜ் வடிவத்தில் சுருக்கி, ஒவ்வொரு நாளும் புதிய பெயரில் வையுங்கள். விஎம்கள் ஓவர்லேயாக (தங்கள் மாற்றங்களை மட்டும் தனியே எழுதி, மீதியை அடிக்கோப்பிலிருந்து படித்து) சாய்ந்திருக்கும் பழைய கோப்பின்மேல் புதியதை எழுதினால் அந்த விஎம்களின் வட்டுகள் சிதைந்துபோகும்.

ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும் விஎம்களில் மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்கி, டிபஸ் அடைவில் தனி நகல் இருந்தால் அதை இணைப்பாக மாற்றி, சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப் ஓட்டி, ரீபூட் செய்தால் போதும்.