தேங்கும் புரதங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்க்கின்சன், அல்சைமர் நோய்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எந்த மாத்திரையை எப்போது மாற்றுவது என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது என் வேலை.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளையில் புரதம் தேங்குவதே காரணம் என்று படித்தேன். பருப்பு, முட்டை, மீனை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சாப்பிடும் புரதம் குடலிலேயே உடைந்து அமினோ அமிலங்களாகிவிடுகிறது. மூளையில் திரள்வது ஆல்பா-சைநியூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சிறிய புரதத்தை நரம்புச் செல்லே தனக்குள் தயாரிக்கிறது. பருப்பைக் குறைத்தால் அப்பாவின் தசைதான் கரையும். இந்த நோயில் பலருக்கு ஏற்கெனவே எடை குறைகிறது.

ஆனால் அவர் லெவோடோபா மாத்திரை எடுப்பவரானால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளாக மாறும் மருந்து அது. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக, உணவிலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களோடு அது போட்டியிட வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடச் சொல்வது அதனால்தான். “மீன் சாப்பிட்ட அன்று மாத்திரை கேட்கவில்லை” என்று அப்பா சொன்னால் நம்புங்கள். உணவு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் எப்படிப் பிரிப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டில் மூளை நோயை எப்படி ஆராய முடியும்? அதற்கு மூளையே கிடையாதே!

மூளை கிடையாது. ஆனால் புரதத்தைத் தயாரித்து, நுண்பைகளில் அடைத்து, உரிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு ஈஸ்டுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ராண்டி ஷெக்மன். 1970களின் பிற்பகுதியில் அவரும் மாணவர் பீட்டர் நோவிக்கும், சூடேறினால் புரதத்தை வெளியே அனுப்ப முடியாமல் போகும் ஈஸ்ட் வகைகளைத் தேடினார்கள். 37 டிகிரியில் வைத்த செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, போக வழியில்லாத நுண்பைகள் உள்ளே குவிந்து கிடந்தன. எந்த மரபணு பழுதானால் எந்தக் கட்டத்தில் அடைப்பு விழுகிறது என்று பொறுமையாகப் பிரித்து, 1980க்குள் 23 மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். 2013இல் ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சுடோஃப் ஆகியோருடன் ஷெக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சன் நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்த அவருடைய மனைவி 2017இல் காலமானார். அதன் பிறகு அந்த நோய்க்கான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு முயற்சிக்கு அவர் அறிவியல் தலைமை ஏற்றார்.

என்னை மிகவும் கவர்ந்த சோதனை 2006இல் வெளிவந்தது. சூசன் லிண்ட்குவிஸ்ட் குழுவினர் ஈஸ்டுக்குள் மனித ஆல்பா-சைநியூக்ளினை மிகுதியாக உண்டாக்கினார்கள். புரதம் தயாராகும் எண்டோபிளாச வலையிலிருந்து, அதைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்புக்குப் போகும் வழி வெகு சீக்கிரமே அடைபட்டது. அந்த வழியை நடத்தும் ராப்1 என்ற புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்ததும் செல் பிழைத்தது. பழ ஈயிலும் உருளைப்புழுவிலும், வளர்ப்புத் தட்டில் இருந்த எலியின் நரம்புச் செல்களிலும் அதே ராப்1, டோபமைனைச் சுரக்கும் நரம்புச் செல்களைக் காத்தது. பத்து ஆண்டுகள் கழித்து ராப் குடும்பம் வேறொரு திசையிலிருந்து மறுபடி வந்தது. பரம்பரைப் பார்க்கின்சனில் அடிக்கடி மாறியிருக்கும் எல்ஆர்ஆர்கே2 என்ற நொதி, ராப் புரதங்கள் பலவற்றின் மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்று 2016இல் தெரிந்தது. திரளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிருக்காது.

எல்லாச் செல்லிலும் இதே போக்குவரத்துதான் என்றால், ஏன் நரம்புச் செல் மட்டும் சாகிறது?

தூரம் ஒரு காரணம். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் ஒரு நரம்புச் செல்லின் ஆக்ஸான் என்ற நீண்ட இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். வேகமாகப் போகும் நுண்பைகூட ஒரு நாளில் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர்தான் கடக்கும். வாய்க்காலின் தலைப்பில் சிறு அடைப்பு விழுந்தாலும் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? ஆக்ஸானின் நுனிக்கும் அதே கதிதான். தோல் செல் பிரிந்து புதிதாகிவிடும். நரம்புச் செல் பிரிவதில்லை, வாழ்நாள் முழுவதும் சேர்ந்த குப்பையைத் தானே அகற்ற வேண்டும். நடுமூளையின் டோபமைன் செல்கள் பல லட்சம் இணைப்புகளாகக் கிளைத்திருப்பதால் அவற்றுக்குச் சுமை இன்னும் அதிகம்.

என் பேரனுக்குக் காச்சர் நோய். எனக்குப் பார்க்கின்சன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். ஜிபிஏ1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் காச்சர் என்ற பரம்பரை நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடும், ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. அந்த மரபணு தரும் நொதி, செல்லின் குப்பையைச் செரிக்கும் லைசோசோமுக்குப் போய் வேலை செய்ய வேண்டியது. சில மாற்றங்களில் அது தவறாக மடிந்து எண்டோபிளாச வலையிலேயே சிக்கிக்கொள்கிறது. மரபணு ஆலோசகர் ஒருவரைக் குடும்பத்தோடு பாருங்கள்.

இந்த நொதியை லைசோசோம் வரை கொண்டுசேர்க்க அம்ப்ராக்சால் உதவுமா என்று சோதித்துவருகிறார்கள். அது நம் மருந்துக்கடை இருமல் சிரப்பில் இருப்பதே என்று கேட்பீர்கள். ஆம், அதுதான். ஆனால் சோதனையில் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1.26 கிராம் வரை, இருமலுக்குத் தருவதைப் போல் பல மடங்கு. நோயைத் தணிக்கும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. சிரப்பை வாங்கிக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

அல்சைமருக்குத் திரளைக் கரைக்கும் மருந்து வந்துவிட்டதாமே?

லெகானெமாப் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அல்சைமர் மூளையில் தேங்கும் அமிலாய்டு என்ற புரதத்தின் திரளை நன்றாகவே அகற்றுகிறது. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் 18 மாதச் சோதனையில் நினைவும் அன்றாடச் செயல்பாடும் சரியும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. சரிவு நிற்கவில்லை, மூளை வீக்கம், நுண் ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு. இது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் திரளை அகற்றிய பின்னும் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அமிலாய்டின் மூலப்புரதமும் அதை வெட்டும் நொதியும் பெரும்பாலும் எண்டோசோம் என்ற இடைநிலையத்தில்தான் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பைக் குறைக்கும் சார்ல்1 புரதம் பழுதானால் அல்சைமர் அபாயம் கூடுகிறது. அங்கேயே கைவைக்கும் மருந்துகளுக்கு இன்னும் அதிகப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரள் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது என்கிறார்கள். நோயாளியைப் பராமரிப்பவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. பரவல் ஒரே மூளைக்குள் நடப்பது. கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், கையைப் பிடித்து நடக்க வையுங்கள்.

பார்க்கின்சனுக்குப் பூனைக்காலி விதைப் பொடி லெவோடோபா மாத்திரைக்கு மாற்றாகுமா?

அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் 1937இலேயே அதைப் பிரித்தெடுத்தார்கள். பொடிக்குப் பொடி அளவு மாறுவதுதான் சிக்கல். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் கட்டுக்கடங்காத கைகால் அசைவு, ரத்த அழுத்தச் சரிவு, மனக்குழப்பம் வரலாம். மாத்திரையோ பொடியோ, இரண்டும் டோபமைன் குறையைத்தான் ஈடுசெய்கின்றன. புரதத் தேக்கத்தைத் தொடுவதில்லை. ஏற்கெனவே பொடி எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.