கால்போத்திலும் ஏழு கிணறும்

அன்புள்ள அண்ணை,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். தவறணைகள் (கள்ளு, சாராயக் கடைகள்) பற்றிய உங்கள் கட்டுரையில் "குடி கேடு என்பதில் இரண்டு கதை இல்லை" என்று ஒரு வரி வருகிறது. அதை அத்தானுக்கு (அக்காவின் கணவர்) வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "டொக்டர்மாரே முதலில் இதயத்துக்கு நல்லது என்றார்கள், இப்ப ஒரு சொட்டும் கூடாது என்கிறார்கள், நாளைக்கு வேறொன்று சொல்வார்கள். என்ர அப்பப்பா 86 வயது மட்டும் ஒவ்வொரு நாளும் கள்ளுக் குடித்தவர்" என்றார். பக்கத்தில் இருந்த நண்பன் மெய்யியல் படித்தவன். "உண்மை என்று ஒன்று கிடையாது, கோணங்கள்தான் இருக்கு. எங்கட ஊரிலேயே ஒரு சம்பவத்துக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதில் எது உண்மை?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இதற்கிடையில் அத்தான் சனிக்கிழமைகளில் மருந்து மாதிரி என்று எனக்கும் ஒரு பெக் ஊற்றுகிறார். நான் என்ன சொல்வது?

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் அத்தானிடம் ஒரு விடயத்தில் தோற்றுவிடுகிறேன். டொக்டர்மார் மாற்றி மாற்றிச் சொன்னது உண்மைதான். பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் இறைச்சியுமாகத் தின்றும் இதய நோய் குறைவாக இருக்கிறார்களே, சிவப்பு வைன்தான் காரணமோ என்று 1990களில் உலகமே பேசியது. 2018இல் ஒரு பெரிய ஆய்வு வந்து ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று இல்லை என்றது. 2022இல் அதே ஆய்வுக் குழு வயதையும் நாட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, 40 தாண்டிய சிலருக்குச் சின்ன அளவில் சின்ன நன்மை இருக்கலாம், இளவயதுக்காரருக்கு ஒன்றுமே இல்லை என்றது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது. இவ்வளவையும் பார்க்கிறவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும். ஆனால் மதுபானம் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் வகுப்பில் 1988இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல் என்று தொடங்கிய பட்டியலில் பெருங்குடலும் பெண்களின் மார்பகமும் பிறகு சேர்ந்தன. அந்த வகுப்பில் இருந்து அதை ஒருவரும் இன்றுவரை இறக்கவில்லை.

அப்போ "இதயத்துக்கு நல்லது" என்ற கதை எங்கிருந்து வந்தது? என் சித்தப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

சித்தப்பா திருக்கடலூரில் கடற்தொழில். இருபத்தைந்து வருடம் குடித்தார், கரைக்கு வந்தால் கால்போத்தில், கல்யாண வீடென்றால் அரை. கண் மஞ்சளானபோது செங்கமாரி என்று கீழ்க்காய் நெல்லி அரைத்துக் குடித்தார், அது ஈரல் சுருங்கின கதை என்று பிறகுதான் தெரிந்தது. வயிற்றில் தண்ணீர் கட்டி, கையும் காலும் ஈர்க்குச்சி மாதிரி, வயிறு மட்டும் எட்டு மாதக் கர்ப்பம் மாதிரி. ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கிற நாளில் நான்தான் பக்கத்தில் நிற்பேன். சுலைமானித் தேத்தண்ணிக்குப் பால் இரண்டு துளி விட்டது போல ஒரு நிறம், குழாய் வழியாக இறங்கி இறங்கிப் போத்தில் நிரம்பும், அடுத்த போத்தில் மாற்றுவார்கள். இரண்டு கிழமையில் வயிறு திரும்ப நிரம்பிவிடும். கடைசி இரண்டு வருடம் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. 52 வயதில் போய்விட்டார்.

அந்த இரண்டு வருடத்துக்குள் யாராவது படிவத்தோடு வீட்டுக்கு வந்து "ஐயா குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தால் சித்தப்பா "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார், அது சத்தியமான பதில்தான். அவரைக் குடிக்காதவர் பக்கம் எழுதியிருப்பார்கள். பிறகு செத்தும் போனார். அதே நாளில், உடம்பு திடமாக இருப்பதால் இன்னும் அளவாகக் குடித்துக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கிறவர் பக்கம். கூட்டிப் பாருங்கள், குடிக்காதவன்தான் அதிகம் சாகிறான் என்று கணக்கு வரும்! பழைய ஆய்வுகள் பலவற்றில் நடந்தது இதுதான். நோய் வந்து குடியை விட்டவர்களையும் வாழ்நாளில் குடிக்காதவர்களையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். 1988இலேயே பிரித்தானியாவில் இதைச் சுட்டிக்காட்டினார்கள், கேட்கத்தான் ஆளில்லை, கேட்க இனிப்பான செய்தி மற்றதுதானே. கூடையைப் பிரித்து எண்ணியபோது அந்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோனது.

டொக்டர்மார் மாறினார்கள் என்பதை வைத்து உண்மையும் மாறுகிறது என்று சொல்ல வருகிறார் அத்தான். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பிழைவிட்டோம் என்று கண்டுபிடிக்க முடிகிறது என்றால், பிழைவிடுவதற்கு வெளியே ஏதோ ஒன்று அசையாமல் இருக்கத்தானே வேண்டும்.

அப்பப்பாவின் 86 வயதும் உண்மைதான், மறுக்கவில்லை. குடித்தவன் எல்லாம் சாவான் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, ஆபத்து கூடும் என்றுதான் சொல்கிறது. புயலுக்குள் போன படகில் திரும்பி வந்தவன் கரையில் நின்று கதை சொல்வான், வராதவன் எங்கே சொல்வது?

இனி உங்கள் நண்பரின் கேள்வி. "உண்மை இல்லை என்கிறாயே, அது உண்மையா?" என்று மடக்கலாம். அப்படி மடக்கி யாரும் யாரையும் மாற்றியதாக நான் காணவில்லை, ஆகவே அதை விடுவோம். ஒருநாள் அவரைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளையில் ஆடி அமாவாசைக்கு அங்கே போனால் எனக்கும் என் அக்காவுக்கும் சண்டை, எந்தக் கிணறு கூடச் சூடு என்று. ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான், வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான். நான் சூடான கிணற்றில் குளித்துவிட்டு வந்து அடுத்ததை ஊற்றினால் சில்லென்று இருக்கும், அக்கா ஆறின கிணற்றில் இருந்து வந்து அதே தண்ணீரை ஊற்றி "ஐயோ சுடுது" என்பாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உங்கள் நண்பர் இந்த இடத்தில் நின்றுகொண்டு, பார்த்தீர்களா, ஆளுக்கொரு உண்மை என்பார். ஒரு வெப்பமானியைக் கட்டி இறக்கினால் எனக்கும் அக்காவுக்கும் ஒரே எண்தான் வரும். உடம்பு தன்னைப் பற்றிச் சொன்னதை நாங்கள் கிணற்றைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சாராயத்திலும் இதே பிசகு நடக்கிறது. விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் குளிருக்கு ஒரு இழுப்பு இழுப்பார்கள், உடம்பு சூடாகிறது என்பார்கள். அவர்களுக்குச் சூடாகத்தான் தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. தோலுக்குக் கீழே இருக்கிற இரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூடு வெளியே போகிறது, தோல் சூடாக உணர்கிற அந்த நேரத்தில் உள்ளுடம்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா இதை நம்பவே இல்லை.

கள்ளு இயற்கை, சாராயம்தான் கூடாது என்று அத்தான் அடுத்துச் சொல்வார், அதையும் இப்போதே முடித்துவிடுவோம். ஒரே பனை, ஒரே பாளை. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர், பூசாவிட்டால் காற்றில் வரும் மதுவம் (ஈஸ்ட்) அதில் இருக்கும் சீனியைத் தின்று சில மணித்தியாலத்தில் கள்ளாக்கிவிடும். அந்தக் கள்ளில் இருக்கும் மதுசாரமும் கசிப்பில் (கள்ளச்சாராயத்தில்), விஸ்கியில் இருக்கும் மதுசாரமும் ஒன்றேதான், அளவுதான் வித்தியாசம். (கசிப்பில் வேறு என்னென்ன கிடக்கும் என்பது தனிக் கதை.) ஈரல் அதை முதலில் அசற்றல்டிகைட்டு என்ற ஒரு நச்சுப் பொருளாக மாற்றுகிறது, அதுதான் கலத்தின் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. மரம் எது, ஊர் எது என்று ஈரல் விசாரிப்பதில்லை.

கால்போத்தில் என்றால் 180 மில்லிலீற்றர். லேபிளில் 33.5 வீதம் என்று போட்டிருந்தால் அதில் சுத்த மதுசாரம் 60 மில்லிலீற்றர், நிறையில் ஏறத்தாழ 48 கிராம். ஈரல் மணித்தியாலத்துக்கு எரிப்பது 7 முதல் 10 கிராம். இரவு பத்து மணிக்குக் கால்போத்திலை முடித்தவருக்கு விடிய மூன்று, நாலு மணிக்கும் இரத்தத்தில் அது நிற்கக்கூடும். படகு தள்ளுகிற நேரம். "நல்லா நித்திரை கொண்டுட்டன், வெறி முறிஞ்சிட்டுது" என்பது அவரது கோணம்.

ஆளுக்கொரு கதை என்ற பேச்சில்தான் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்றது. 2019இல் வழக்கில் இருந்த அத்தனை பேரும் சாட்சி போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள். நீதி கிடைக்கவில்லை, சரி. அதற்காக உடம்பில் இருந்த துளை ஒரு கோணம் ஆகிவிடுமா? பார்க்கிறவர் எந்த இனம், எதை நம்புகிறார் என்று கேட்டுவிட்டா அந்தத் துளை அங்கே இருக்கிறது? கதை பத்து இருக்கலாம், நடந்தது ஒன்றுதான், அது எங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விடயம். வேறெந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் உண்மை என்று ஒன்று இல்லை என்று சொல்லிக்கொண்டு திரியட்டும், திருகோணமலைக்காரன் வாயில் அது வரும்போது எனக்குத் தாங்குவதில்லை.

ஆனால் ஒன்று. குடி கேடு என்பது வேறு, நீங்கள் குடிக்கக் கூடாது என்பது வேறு. முதலாவதை அளக்கலாம். இரண்டாவது உங்கள் வாழ்க்கை, உங்கள் காசு, உங்கள் வீட்டுக்காரரின் நிம்மதி எல்லாம் சேர்ந்த கணக்கு, அதற்கு என்னிடம் வெப்பமானி இல்லை. வருடத்தில் ஒன்றிரண்டு தரம், கள்ளு நல்லாக இறங்கும் காலத்தில், நானும் ஒரு கிளாஸ் குடிக்கிறவன்தான். ருசிக்காகக் குடிக்கிறேன், கூட இருக்கிறவர்களின் கதைக்காகக் குடிக்கிறேன், கேடு என்று தெரிந்தே குடிக்கிறேன். அத்தான் ஊற்றினால் குடிப்பதும் விடுவதும் உங்கள் பாடு, மருந்து என்ற பெயரில் மட்டும் வாங்காதீர்கள்.

அத்தானைப் பற்றி ஒரு யோசனை எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமை மட்டும்தானா? வாதம் இவ்வளவு தயாராக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றும், பிழையாக இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள். தினமும் என்றால் இந்தப் பதிலைக் காட்டி இன்றோடு நிறுத்து என்று நெருக்க வேண்டாம். பல வருடம் தினம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிராபத்தும் உண்டு, ஆஸ்பத்திரியில் காட்டித்தான் நிறுத்த வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும் அத்தானுக்கு உங்கள் அக்கா தேத்தண்ணி கொடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். கோப்பை தட்டில் கிடுகிடுக்கிறதா என்று பாருங்கள்.