மாவு தின்ற மாட்டுக்கு என்ன ஆகிறது?

கேள்வி: கயிறு அவிழ்ந்து போன கறவை மாடு, இரவில் மக்காச்சோள மாவு மூட்டையைக் கிழித்து நிறையத் தின்றுவிட்டது. காலையில் அசை போடவில்லை. சாணம் தண்ணீராக, புளித்த வாடையோடு போகிறது. தினமும் கொடுக்கிற அதே மாவு எப்படி விஷமாகும்?

பதில்: முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். இது மணிக்கணக்கில் முற்றும். அவர் வரும்வரை காய்ந்த புல் மட்டும் போடுங்கள். மாடு தள்ளாடினாலோ படுத்துவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

சரி, காரணத்துக்கு வருவோம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தீவனத்தை முதலில் சாப்பிடுகின்றன. அதிலுள்ள சர்க்கரையை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குத் தேவையான சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. புரோபியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, பாலின் சர்க்கரையாகிறது. அளவாக மாவு கொடுத்தால் பால் கூடுவது இதனால்தான்.

புல்லின் நார் மெதுவாக உடையும். அரைத்த மாவோ ஒரேயடியாகச் சர்க்கரையாகிவிடும். அப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. மற்ற மூன்றையும்விட இது பத்து மடங்கு கடுமையான அமிலம். வயிற்றின் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கும். அது 5.5-க்குக் கீழே போனால் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். 5-க்கும் கீழே போனால் அமிலத்தில் தாக்குப்பிடிக்கும் லாக்டோபேசில்லஸ் பெருகி, இன்னும் லாக்டிக் அமிலத்தையே சேர்க்கும். உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால்தான் கண் குழிவிழுகிறது, சாணம் நீராகிறது.

இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வையுங்கள். நல்ல மாட்டில் வயிறு இரண்டு மூன்று முறையாவது கையைத் தள்ளும். தள்ளவே இல்லை என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். எப்போது, எவ்வளவு தின்றது என்பதும் முக்கியம். வயிற்றைத் திறந்து மாவை வெளியே எடுப்பதா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

பிழைத்த மாட்டுக்கும் சில நாள் கழித்துக் குளம்பில் வலி வரலாம், நடையைக் கவனியுங்கள். மீண்டும் மாவு கொடுக்கும்போது இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். லாக்டிக் அமிலத்தைத் தின்றே வாழும் பாக்டீரியாக்களும் அந்த வயிற்றில் உண்டு, அவை பெருக அவ்வளவு நாள் வேண்டும். மாவுக்கு முன்னால் நீளமான புல் போடுங்கள். மாடு அசை போடப் போட எச்சில் ஊறும். அதிலுள்ள பைகார்பனேட்டே அமிலத்தை அடக்கும் மருந்து.