டிடிஆர்3 கணினியில் டிடிஆர்4 ரேம் பொருந்துமா?

பொருந்தாது. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை அதன் தலைமுறைகள். மேசைக் கணினியில் முன்னதற்கு 240 பின்கள் (தொடுமுனைகள்), 1.5 வோல்ட்; பின்னதற்கு 288 பின்கள், 1.2 வோல்ட். விளிம்பிலுள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து அத்தை ஆசையாகத் தூக்கி வந்த மிக்சியின் உருண்டை முனைப் பிளக், மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டின் நீள்சதுரத் துளையில் நுழையாதல்லவா, அதே கதைதான். அழுத்தித் திணித்தால் ரேமைச் செருகும் ஸ்லாட்தான் உடையும்.

புதிய ரேம் வாங்க ஈப்போ நகருக்குப் பஸ் ஏறும் முன் பழைய ரேமைக் கழற்றி, ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்: பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டு எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

வேகம் கூடிய ரேமைப் போட்டாலே கணினி பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மதர்போர்டும் பிராசஸரும் அனுமதிக்கும் வேகத்தில்தான் அது ஓடும்.